பாலத்து மாமியார்

வடகரை நல்லூரில் பொய் சொல்வதற்கென்று தனி இடம் கிடையாது. வீட்டில், கடையில், கல்யாணத்தில், எழவில் என்று வசதிப்பட்ட இடத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஆற்றுப் பாலத்தில் அந்த மெஷின் வந்த பிறகுதான் பாலம் மட்டும் பொய் சொல்லக் கூடாத இடம் என்று ஆனது. ஊரைவிட்டு எங்கே போவதென்றாலும் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது ஊரின் தலையெழுத்து.

அரசாங்கத் தாளில் அதன் பெயர் மெய்யறி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு கண்ணாடிக் கண், உச்சியில் ஒரு விளக்கு. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, அதை ஆளின் முகத்துக்கு நேரே பிடித்து, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் உண்மையானால் பச்சை, போகலாம். பொய்யானால் சிவப்பு, கூடவே பாலம் அதிர ஓர் ஊளை. சிவப்பு வாங்கியவரை ஓரமாக அழைத்துப்போய் மேலும் ஐந்து கேள்விகள் கேட்கலாம், பையைத் திறந்து பார்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தது.

ஸ்டேஷனில் யாரும் அதை மெய்யறி என்று கூப்பிடவில்லை. எங்கே போறே, எதுக்குப் போறே என்று குடைந்துவிட்டு, என்ன பதில் சொன்னாலும் நம்பாத ஒன்றுக்கு மாமியார் என்பதைவிடப் பொருத்தமான பெயர் ஏட்டு வைத்தியலிங்கத்துக்குத் தோன்றவில்லை. அவர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

"இது எப்படி மேடம் கண்டுபிடிக்குது?" என்று அது வந்த அன்றே எஸ்.ஐ. நிறைமதியிடம் கேட்டார். நிறைமதி புதிதாகப் பயிற்சி முடித்து வந்தவர். வைத்தியலிங்கத்தின் மகள் வயதுதான் இருக்கும்.

"நிஜம் சொல்றப்ப மூளைக்கு ஒரு வேலைதான் ஏட்டய்யா. பொய் சொல்றப்ப ரெண்டு வேலை. நிஜத்தை வெளிய வராம அமுக்கிப் பிடிக்கணும், பொய்யையும் கட்டணும். அந்த ரெட்டை வேலையில கண்ணும் குரலும் துளி தடுமாறும். நமக்குத் தெரியாது. இதுக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன மறைக்கிறாங்கன்னும் சொல்லிடுமா?"

"அது சொல்லாது. ஏதோ மறைக்கிறாங்கன்னு மட்டும்தான் சொல்லும். என்னன்னு கேட்டு வாங்கறது நம்ம வேலை."

முதல் வாரம் பாலம் முழுக்கச் சிவப்பாக எரிந்தது. எங்கே போகிறீர்கள் என்றால் ஊரே "இங்கதான்" என்றது. மிச்சமிருந்தவர்கள் "சும்மா" என்றார்கள். பெங்களூரிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஓடி வந்தார்.

"என்ன சார், ஊர்ல ஒருத்தர்கூட உண்மை பேச மாட்டாங்களா?"

"அது பொய் இல்ல தம்பி, மரியாதை," என்றார் வைத்தியலிங்கம். "கிளம்பற ஆளை எங்க போறேன்னு கேக்கறதே தப்பு. போற காரியம் விளங்காதும்பாங்க. நாங்க கேட்டுத் தொலைச்சிட்டோம். அவன் வாய்க்கு வந்தபடி திட்டாம இங்கதான்னு சொல்றானே, அதுவே பெரிசு."

இன்ஜினியருக்கு இது விளங்கவில்லை. 'இங்கதான், சும்மா, பக்கத்தில் ஆகியவை பதில் ஆகா' என்று ஒரு போர்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஊர் உண்மை பேச வேண்டியதாயிற்று. அதுவும் சத்தமாக, பின்னால் நிற்கிற வண்டிக்காரர் காதில் விழும்படி. சின்ன ஊரில் பின்னால் நிற்கிறவர் யாராக இருப்பார்? எதிர்வீட்டுக்காரர்தான். புதுப் பெண்களின் கர்ப்பம் இரண்டாம் மாதத்திலேயே ஊருக்குத் தெரிந்தது. வாக்கிங் போகிறேன் என்று கிளம்பிய ரெஜிஸ்டர் ஆபீஸ் பரந்தாமன் தினம் பரோட்டாக் கடைக்குப் போவது அவர் மனைவிக்குத் தெரிந்தது. ஊரிலேயே பேர்போன ஜோசியர், பேங்க்குக்குப் போகிறேன் என்று சொல்லிச் சிவப்பு வாங்கினார். தன் ஜாதகத்தைப் பார்க்க அவர் பக்கத்து ஊர் ஜோசியரிடம் போய்க்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் அசராதவன் பிளேடு சோமு ஒருவன்தான். "பஸ் ஸ்டாண்டுக்கு, பாக்கெட் அடிக்கப் போறேன் சார்," என்றான். பச்சை விழுந்தது. பச்சை விழுந்தால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. நிறைமதி விதியைப் பற்றி ஒரு கணம் யோசித்துவிட்டு, அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

ஆனால் மெஷினை முழுக்கத் திட்டவும் வைத்தியலிங்கத்தால் முடியவில்லை. ஒரு நாள் ஒருவன் பைக்கில் முன்னால் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டு வந்தான். "அக்கா பொண்ணு சார், ஸ்கூலுக்கு," என்றான். முகத்தில் ஒரு கோணல் கிடையாது. வைத்தியலிங்கமாக இருந்தால் போகச் சொல்லியிருப்பார். மெஷின் ஊளையிட்டது. அந்தக் குழந்தை அன்றே பெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வரும்வரை அது வைத்தியலிங்கத்தின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நாலு விரல் பிடியை அவரால் மறக்க முடியவில்லை.

பங்கஜவல்லி டீச்சரையும் மறக்க முடியவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னார், சிவப்பு. மூன்றாவது கேள்வியில் குரல் உடைந்து, மனநல டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பின்னால் நின்றவர் டீச்சரின் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா. டீச்சர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், அப்புறம் பாலத்துப் பக்கமே வரவில்லை. காய்கறிக் கடையில் ஒருமுறை இளைத்துப்போய் நின்றார். வைத்தியலிங்கம் வெட்கப்பட்டு அடுத்த சந்தில் திரும்பிவிட்டார்.

"நாம செய்யறது சரிதானா மேடம்?" என்று அன்று கேட்டார்.

"அந்தப் பாப்பாவை நினைச்சுக்குங்க ஏட்டய்யா," என்றார் நிறைமதி.

"நினைக்கிறேன் மேடம். டீச்சரும் சேர்ந்து ஞாபகம் வர்றாங்க."

நிறைமதியும் இளகிய மனசுக்காரர்தான். ஆனால் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கோ நன்றாக இருந்தது. குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று மாவட்டமே மெச்சியது. ஊரில் ஆள் நடமாட்டமே பாதியாகக் குறைந்துவிட்டதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்படி ஊர் ரகசியத்தையெல்லாம் பாலத்தில் உரித்துக்கொண்டிருந்த வைத்தியலிங்கத்தின் வீட்டிலேயே ஒரு ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகள் சஹானாவுக்கு வரன் அமைந்திருந்தது. பையன் நவநீதன் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் இன்ஜினியர். சஹானாவும் கோயம்புத்தூரில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள், ராகு காலம் தொடங்குவதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பேச்சு.

இதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவர் மனைவி கமலவேணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காரணம் இருந்தது. முன்பு வந்த இரண்டு வரன்கள் கைகூடும் நேரத்தில் தட்டிப்போயின. பெண்ணின் அப்பா போலீஸ்காரர் என்று யாரோ மெனக்கெட்டு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருந்தார்கள். "போலீஸ் வீடா? நாளைக்குப் புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு சண்டைன்னா வாசல்ல ஜீப்பு வந்து நிக்குமே," என்று ஒரு மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். அதனால் இந்த முறை கமலவேணி உஷாராகிவிட்டாள். கவர்மென்ட் உத்தியோகம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த யூனிபார்ம் போட்டோ பீரோவுக்குப் பின்னால் போயிற்று.

"பையனோட அப்பா பாலகுரு கொஞ்சம் முசுடு போல இருக்குங்க," என்று கமலவேணி எச்சரித்திருந்தாள். "எங்க குடும்பத்துல லவ்வு கிவ்வுன்னு எதுவும் கிடையாது, அப்படி ஏதாவதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வரலைங்கிறாரு. அன்னைக்கு அவர் முன்னாடி பேச்சைக் குறைங்க."

பேச்சைக் குறைப்பதற்கு முதலில் வீட்டுக்குப் போக வேண்டுமே. அதே ஞாயிற்றுக்கிழமைதான் மெஷினின் பெருமையைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட டி.ஐ.ஜி. வருவதாக உத்தரவு வந்தது. யாருக்கும் லீவு இல்லை.

"வயித்து வலி மேடம், மத்தியானம் மட்டும் விட்டா போதும்," என்றார் வைத்தியலிங்கம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நிறைமதியின் மேஜையில் மெஷின் சார்ஜில் இருந்தது. அதை அணைத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊளை ஸ்டேஷனைத் தூக்கியது. லாக்கப்பில் இருந்த சோமு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன விஷயம்னு நான் கேக்கல ஏட்டய்யா," என்றார் நிறைமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா லீவும் இல்ல."

ஞாயிறு மதியம் டி.ஐ.ஜி. ரத்னவேல் கறுப்புக் கண்ணாடியோடு பாலத்தில் வந்து இறங்கினார். கேமராக்கள் சூழ்ந்துகொண்டன. "ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்குப் பயம் எதுக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நிருபர் அதைத் தலைப்பாகப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெள்ளை வேன் ஒன்று பாலத்தில் ஏறியது.

"அந்த வேனை நிறுத்துய்யா," என்றார் டி.ஐ.ஜி.

வைத்தியலிங்கம் கை காட்டினார். வேன் நின்றது. ஜன்னல் இறங்கியது. உள்ளே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மல்லிகைப்பூ. பின் சீட்டில், கமலவேணி தினம் மூன்று வேளை போனில் காட்டிய அதே முகம். மாப்பிள்ளை நவநீதன்.

வைத்தியலிங்கத்துக்கு வயிற்றில் இப்போது நிஜமாகவே வலி வந்தது. அவர் அவசரமாகத் தாடையில் கிடந்த தூசி மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். அவர்கள் இதுவரை கமலவேணியோடு மட்டும்தான் போனில் பேசியிருக்கிறார்கள். வைத்தியலிங்கத்தின் முகம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். ஆனால் கேள்வி கேட்டாக வேண்டும். தன் பெண்ணைப் பார்க்க நல்ல காரியமாகக் கிளம்பியவர்களை, எங்கே போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். விளங்குமா?

"தூரமா கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

வேனுக்குள்ளிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது. "பாத்தியா பாலகுரு, போலீஸ்லகூட மரியாதை தெரிஞ்ச மனுஷன் இருக்கார். எங்கன்னு கேக்காம தூரமான்னு கேக்கறார் பாரு." அது பாலகுருவின் அக்கா லோகாம்பாள். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் அப்பீல் கிடையாது என்று கமலவேணி சொல்லியிருந்தாள்.

"கேள்வி ஏற்கப்படவில்லை," என்றது மெஷின் இனிமையான பெண் குரலில். "எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும்."

டி.ஐ.ஜி. தொண்டையைக் கனைத்தார். வைத்தியலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டார்.

நல்ல காரியத்தை முடியும் முன்பு எவன் வெளியே சொல்வான்? "கோயிலுக்கு," என்றார் பாலகுரு. சிவப்பு. "சொந்தக்காரங்க வீட்டுக்கு," என்று மாற்றினார் அவர் மனைவி. இன்னும் சொந்தமாகவில்லையே; சிவப்பு. ஊளைச் சத்தத்தில் வேன் டிரைவர் தன்னை யாரும் கேட்காமலே, "நான் இங்கதான் சார், சும்மா," என்றான். அதற்கும் சிவப்பு.

நவநீதன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "எதுக்குப்பா இதெல்லாம்? நான் சொல்றேன் சார். பொண்ணு பார்க்கப் போறோம்."

மெஷின் முன்னைவிடப் பலமாக ஊளையிட்டது.

"டேய், அதுதானேடா நிஜம்!" என்று பாலகுரு அலறினார்.

டி.ஐ.ஜி.யின் முகம் மலர்ந்தது. கேமராவைப் பார்த்து, "இதுதான் நான் சொன்னது. பார்க்க நல்ல பையனா இருக்கான். உள்ள என்ன இருக்குன்னு மெஷின்தான் சொல்லும்," என்றார். "தனியா கூட்டிட்டுப் போய் விசாரிங்க."

பாலத்து ஓரத்துக் கூடாரத்துக்குள் மூன்று பேர்தான். நாற்காலியில் நவநீதன், மெஷினைப் பிடித்துக்கொண்டு நிறைமதி, எதிரே வைத்தியலிங்கம். பெண் பார்க்கப் போகிறேன் என்கிறான், சிவப்பு விழுகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா? பணத்துக்காக நடிக்கிறானா? என் பெண்ணை எந்தக் கிணற்றில் தள்ளப் பார்த்தேன்? நல்லவேளை, கையில் மாமியார் இருக்கிறது. பெண்ணைப் பெற்ற எவனுக்கும் கிடைக்காத வரம் இது. மாப்பிள்ளையை விசாரிக்க மற்றவர்கள் டீக்கடைக்காரனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் பிடித்துத் தொங்குகிறார்கள். தனக்கு ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கோடு பதில்.

"குடிப்பியா?" என்றார்.

"இல்ல சார்." பச்சை.

"வேலை நிஜமா பெர்மனென்ட்டா?"

"ஆமா சார்." பச்சை. நிறைமதி ஏட்டை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"முன்னாடி கல்யாணம் ஏதாவது?"

"ஐயோ, இல்ல சார்." பச்சை.

"வேற பொண்ணு யாராவது மனசுல?"

"இல்லவே இல்ல சார்." பச்சை.

வைத்தியலிங்கம் மூச்சை இழுத்துவிட்டார். ஒரு கேள்விதான் பாக்கி. "இந்தக் கல்யாணத்துல உனக்கு நிஜமாவே சம்மதமா? வீட்டுல கட்டாயப்படுத்தலையே?"

"முழு சம்மதம் சார்," என்றான் நவநீதன், கேள்வி முடியும் முன்பே. விளக்கு பச்சைப் பசேல் என்று எரிந்தது.

"என்ன ஏட்டய்யா நீங்க?" என்றார் நிறைமதி. "என்னத்தை மறைக்கிறேன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அஞ்சும் தீர்ந்து போச்சு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷ சர்வீஸ். ஐந்து கேள்விகளையும் பெண்ணைப் பெற்றவனாகவே கேட்டுத் தீர்த்துவிட்டார். போலீஸ்காரனாக ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கூடாரத்துத் துணி விலகியது. லோகாம்பாள் நின்றார். "என்ன நடக்குது இங்க? எங்க பிள்ளையை என்ன கொலைக் கேஸிலயா பிடிச்சிருக்கீங்க?" நேராக வந்து நிறைமதியின் கையிலிருந்த மெஷினை வாங்கினார். கோர்ட்டில் கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டு வாங்கிய கை. நிறைமதி தன்னையறியாமல் கொடுத்துவிட்டார். லோகாம்பாள் அதை வைத்தியலிங்கத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார். "நீங்க சொல்லுங்க. எங்கே போகிறீர்கள்?"

"நானா? நான் எங்கயும் போகலீங்க. டியூட்டி."

ஊளை ஆற்றின் அக்கரைவரை கேட்டது. டி.ஐ.ஜி. கேமராக்களோடு ஓடி வந்தார். சிவப்பு வெளிச்சம் வைத்தியலிங்கத்தின் மாஸ்க்கில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது? எங்க போகணும் உனக்கு?"

"வீட்டுக்கு ஐயா." பச்சை.

"எதுக்கு?"

இனி ஒளித்து என்ன பயன்? வைத்தியலிங்கம் மாஸ்க்கைக் கழற்றினார். "என் மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க ஐயா. இவங்கதான் வர்றாங்க."

பச்சை. நவநீதன் நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நின்றான். பின்னாலேயே வந்திருந்த பாலகுரு வாயைத் திறந்து மூடினார்.

"போலீஸ்னு உங்க வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார் கடைசியில். "நடு ரோட்டுல என் பிள்ளையைத் திருடனாட்டம் உக்கார வச்சு… அக்கா, வண்டியில ஏறு. திரும்பிப் போவோம்."

மூன்றாவது வரனையும் தன் கையாலேயே கலைத்துவிட்டோம் என்று வைத்தியலிங்கம் நினைத்தார். சஹானாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"இரு," என்றார் லோகாம்பாள். "அவர் போலீஸ்ங்கிறதை மறைச்சார். நீ கோயில்னு சொன்னே. அதுக்கு இது சரியாப் போச்சு. அவர் நம்ம பையனைக் கேள்வி கேட்டார். இப்ப நான் கேக்கறேன். அதுவும் சரியாப் போயிடும்." மெஷினை மறுபடி உயர்த்தினார். "பொண்ணுக்கு நல்லா சமைக்கத் தெரியும்னு உங்க வீட்டுல சொன்னாங்களே, அது?"

"தெரியும்ங்க." சிவப்பு.

"ரசமாவது?"

"வைப்பாளுங்க." சிவப்பு.

"வெந்நீர்?"

"அது நல்லா வைப்பாளுங்க," என்றார் வைத்தியலிங்கம் பரிதாபமாக. பச்சை விழுந்தது. முதலில் சிரித்தது நிறைமதிதான். பிறகு நிருபர்கள். கடைசியில் பாலகுருவின் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உண்மையான மனுஷன்," என்று தீர்ப்புச் சொன்ன லோகாம்பாள், மெஷினை அப்படியே டி.ஐ.ஜி. பக்கம் திருப்பினார். "ஆமா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா நீங்க இங்கேருந்து எங்கே போகிறீர்கள்?"

டி.ஐ.ஜி. பதில் சொல்லவில்லை. அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஒருவர் கேமராவிலிருந்து விலகியதை யாரும் பார்த்ததில்லை. "ஆஃப் பண்ணுங்க அதை! ஆஃப் பண்ணுங்க!" என்ற குரல் மட்டும் ஜீப்புக்குப் பின்னாலிருந்து வந்தது. மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. மெய்யறியை அதிகாரிகளின் முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது, அதனால் கருவி பழுதாகும் என்று அதில் எழுதியிருந்தது.

"வேன்லயே ஏறிக்குங்க ஏட்டய்யா, ராகு காலம் வந்துடும்," என்றார் நிறைமதி. வைத்தியலிங்கம் யூனிபார்மோடு மாப்பிள்ளை வீட்டு வேனில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனார்.

"அந்த மெஷினே ஓட்டை," என்றார் பாலகுரு வழியில். "பொண்ணு பார்க்கப் போறோம்னு என் பிள்ளை உள்ளதைச் சொன்னா சிவப்பு காட்டுது."

"ஓட்டைதாங்க," என்றார் வைத்தியலிங்கம். மெஷின் தப்பாகக் காட்டி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பக்கத்தில் நவநீதன் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. யூனிபார்மில் புருஷனைப் பார்த்த கமலவேணி திகைத்துப்போய், பிறகு சுதாரித்துக்கொண்டு ஜமுக்காளத்தை இழுத்து விரித்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சஹானா காபித் தட்டோடு வந்தாள். தலை குனிந்திருந்தது. ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு நவநீதனிடம் வந்தாள்.

"தம்பிக்குச் சக்கரை வேண்டாம்மா," என்றார் பாலகுருவின் மனைவி. "இப்பத்தான் கொஞ்ச நாளா விட்டிருக்கான்."

"தெரியும் அத்தை, போடலை," என்றாள் சஹானா.

சஹானாவின் முகம் வெளுத்தது. நவநீதன் டம்ளரைப் பிடித்த கை பாதியில் நின்றது. பாலகுரு மெதுவாக நிமிர்ந்தார்.

"எப்படிம்மா தெரியும்?"

வைத்தியலிங்கத்துக்குப் பாலத்தில் எரிந்த முதல் சிவப்பு இப்போதுதான் விளங்கியது. பெண் பார்க்கப் போகிறேன் என்று அவன் சொன்னது பொய்தான். அவன் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? இந்த வரனை யார் கொண்டுவந்தது என்று யோசித்தார். சஹானாதான். "ஏதோ ஒரு ஜாதகம் வந்திருக்குப்பா, வேணும்னா பாருங்க," என்று போனை நீட்டியிருந்தாள். எத்தனை வருஷமாகவோ? ஊரிலிருக்கும் அத்தனை ரகசியத்தையும் நோண்டி எடுத்தவருக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியவில்லை. அவருக்கு வலித்தது. என்னிடம் சொன்னால் என்ன என்று தோன்றியது. உடனே, எப்படிச் சொல்வாள் என்றும் தோன்றியது. வாரம் ஏழு நாளும் ஊராரை நிற்கவைத்து எங்கே போறே என்று கேட்கிறவன் மகள், தனக்கென்று ஒன்றை எங்கேதான் வைத்துக்கொள்வாள்? பாலகுரு இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நொடி போனால் எல்லாம் போய்விடும்.

"நான்தான் சொன்னேன்," என்றார் வைத்தியலிங்கம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பாலத்துல அஞ்சு கேள்வி கேட்டேன் இல்லீங்களா, அதுல ஒண்ணு இது. சக்கரை கிக்கரை இருக்கான்னு கேட்டேன். இல்ல சார், வியாதியெல்லாம் கிடையாது, நானாத்தான் குறைச்சுக்கிட்டேன்னாரு. பச்சை விழுந்துச்சு. வந்ததும் அடுக்களையில போய்ப் பாப்பாகிட்ட சொல்லிட்டேன். பொண்ணைக் குடுக்கறவன் இதெல்லாம் கேக்கணும் பாருங்க."

குரலில் தடுமாற்றமே இல்லை. நவநீதன் தலையைக் குனிந்துகொண்டு சர்க்கரை போடாத காபியை ஒரே மடக்காகக் குடித்தான். சூடு தொண்டையைப் பொசுக்கியிருக்க வேண்டும், கண் கலங்கியது.

"அதையுமா கேட்டீங்க?" என்றார் பாலகுரு. முகம் தளர்ந்தது. "போலீஸ் புத்தி."

லோகாம்பாள் தன் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்தியலிங்கத்தை நெடுநேரம் பார்த்தார். கோர்ட்டில் எத்தனையோ சாட்சியைப் பார்த்த கண். கூடாரத்துக்கு வெளியே நின்ற அவர் எதையெல்லாம் கேட்டிருப்பார் என்று வைத்தியலிங்கத்துக்குத் தெரியவில்லை.

"அது அஞ்சாவது கேள்வியா?" என்றார் லோகாம்பாள்.

"ஆமாங்க. அஞ்சாவது."

"நல்ல கேள்வி," என்றார் அவர். "பாலகுரு, நிச்சயத்துக்கு ஒரு நல்ல நாள் பாரு."

கமலவேணி பெருமூச்சு விட்டாள். பேச்சு மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் போயிற்று. டம்ளர்களை எடுக்க வந்த சஹானா, அப்பாவின் டம்ளரில் மட்டும் இன்னொரு முறை காபி ஊற்றினாள். ஜமுக்காளத்தில் இரண்டு சொட்டுச் சிந்தியது. வைத்தியலிங்கம் டம்ளரை வாங்கிக்கொண்டார். மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.